பென்சில் மின்சாரத்தைக் கடத்தும்

ஆறாம் வகுப்பு அறிவியலுக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். பருவத் தேர்வில் நீங்கள் கேட்ட கேள்வி நினைவிருக்கும்: பொருள்களை மின்கடத்தி, அரிதிற்கடத்தி எனப் பிரிக்க வேண்டும். பென்சில் அரிதிற்கடத்தி என்கிறது உங்கள் விடைக்குறிப்பு. என் மாணவன் ஒருவன், "மரம் கடத்தாது, உள்ளே இருக்கும் கரி கடத்தும்" என்று எழுதியிருந்தான். மதிப்பெண் போட்டேன். சரிபார்க்க வந்தவர் விடைக்குறிப்பைக் காட்டி அதை அடித்துவிட்டார்.

அந்தப் பையன் குட்டைப் பென்சிலின் இரு முனையையும் சீவி, இரண்டு பேட்டரி, ஒரு எல்இடியோடு ஒயரால் இணைத்துப் பார்த்தவன். உள்ளே இருப்பது கிராஃபைட், அவன் கரி என்று எழுதியது அதைத்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. வகுப்பே சுற்றி நின்று பார்த்தது. விடைத்தாளை வாங்கியதும், "எரிஞ்சுதே டீச்சர், அப்புறம் ஏன் தப்பு?" என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

சோதித்துப் பார்த்து எழுதும் விடையை ஏற்றுக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான். 1729இல் ஸ்டீபன் கிரே என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு நீண்ட நூலின் வழியே மின்சாரத்தை அனுப்பிப் பார்த்தார். நூலைப் பட்டு இழையில் தொங்கவிட்டபோது மின்சாரம் மறுமுனைக்குப் போனது. பித்தளைக் கம்பியில் தொங்கவிட்டபோது அந்தக் கம்பி வழியாகவே கசிந்துவிட்டது. கடத்தும் பொருள், கடத்தாத பொருள் என்ற பிரிவே இப்படிக் கையால் செய்து பார்த்ததில்தான் பிறந்தது.

ஒரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு கோபமா என்று நினைக்காதீர்கள். மரம் கடத்தாது என்று மட்டும் படித்த பிள்ளை, மழையில் அறுந்து கிடக்கும் கம்பியை ஈரக் குச்சியால் தள்ளப் போவான். இரண்டு பேட்டரியில் விளக்கை எரிய வைக்காத அதே ஈரக் குச்சி 230 வோல்ட்டில் உயிரை எடுக்கும். பேட்டரியோடு மட்டும்தான் சோதிக்க வேண்டும், வீட்டு பிளக்கில் கூடவே கூடாது என்பதையும் சோதனை மேசையில்தான் மனதில் பதிய வைக்க முடியும். ஸ்மார்ட் போர்டு வருகிறது, பயிற்சி வருகிறது, தினமும் பதிவேற்றப் படிவம் வருகிறது. பேட்டரியும் ஒயரும் மட்டும் எங்கள் கைக்காசில்.

கோபத்தில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்வுக்குள் விடைக்குறிப்பைத் திருத்தி, செய்து பார்த்து எழுதும் விடைக்கு முழு மதிப்பெண் தரலாம் என ஒரு வரி சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை