நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஏமாந்தவர்கள் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோபோவை வைத்துச் செய்யும் இதய பைபாஸ் ஆபரேஷன் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில் "இனி யாருக்கும் நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை" என்று ஒரு வரி. அன்று மாலையே என் தம்பி போன் செய்து, "அண்ணே, கொஞ்சம் பொறுத்திருந்தா இவ்வளவு கஷ்டம் வேண்டாமே" என்றான். பாசத்தில் கேட்கிறான், அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. உங்கள் மேல்தான்.

எனக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பக்க மூலக் குழாயிலேயே அடைப்பு, அது போக மற்ற குழாய்களிலும். ஆஞ்சியோவைப் பார்த்த டாக்டர் வீட்டுக்கே அனுப்பவில்லை. நெஞ்செலும்பைத் திறந்துதான் செய்தார்கள். எலும்பு கூடும்வரை கனமாக எதையும் தூக்க முடியாமல், ஒருக்களித்துப் படுக்க முடியாமல், இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அந்த வலியை அனுபவித்தவன் என்பதால், இன்னொருவருக்குச் சிறு வெட்டோடு வேலை முடிந்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் யாருக்கு அப்படி முடியும், யாருக்கு முடியாது என்று ஒரு வரி எழுத உங்களுக்கு இடமில்லாமல் போய்விட்டதா?

ரோபோ தானாக எதையும் செய்வதில்லை என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் கன்சோல் என்ற கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சர்ஜன் கையை அசைக்க, நெஞ்சில் போட்ட சிறு துளைகள் வழியே கருவியின் கைகள் நடுக்கமில்லாமல் உள்ளே அசைகின்றன. மார்புக்கூட்டின் உள்பக்கம் ஓடும் ரத்தக்குழாயை அந்தக் கைகளால் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு, பல மருத்துவமனைகளில், இடது விலா எலும்புகளுக்கு நடுவே சிறிதாக வெட்டி, துடிக்கிற இதயத்தின் முன்பக்கக் குழாயில் அடைப்பைத் தாண்டி அதை சர்ஜன் தன் கையாலேயே தைக்கிறார். முழுக்கத் துளை வழியாகவே தைப்பதும் உண்டு, ஆனால் அதில் தேர்ந்தவர்கள் குறைவு. இதற்கெல்லாம் இடது நுரையீரலைச் சுருக்கி வைக்க வேண்டும், ஆகவே நுரையீரல் ரொம்பக் கெட்டவர்களுக்கு ஒத்துவராது. முன்பே நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும், நிலைமை மோசமாகி அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் பெரும்பாலும் திறந்துதான் செய்ய வேண்டியிருக்கும். முன்பக்கக் குழாய்க்கு மட்டும் ரோபோ, மற்றவற்றுக்கு ஸ்டென்ட் (அடைத்த குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழல்) என்று கலந்து செய்வதும் உண்டு. ரோபோவில் ஆரம்பித்து நடுவில் நெஞ்சைத் திறக்க நேர்வதும் உண்டு, அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். கட்டுரையில் இதில் எது வந்தது?

"புத்தம் புதிய சாதனை" என்று வேறு போட்டிருந்தீர்கள். 1998-லேயே பாரிசில் ரோபோ வைத்து பைபாஸ் செய்துவிட்டார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் உலகத்தில் பெரும்பாலான பைபாஸ் நெஞ்செலும்பைத் திறந்துதான் நடக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்குமே, அதை ஒரு சர்ஜனிடம் கேட்டிருக்கலாம். 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ஃபவலோரோ என்ற சர்ஜன் கால் ரத்தக்குழாயை எடுத்து பைபாஸ் செய்த நாளிலிருந்து எத்தனை லட்சம் பேர் இந்த "பழைய முறை"யால் பிழைத்திருக்கிறார்கள்! எங்களைப் பார்த்துப் பாவப்படுகிற மாதிரி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஸ்டென்ட் பற்றி எழுதியபோது "பைபாஸுக்கு விடை" என்று தலைப்பு. கெட்ட கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்தவரின் பேட்டிக்கு அரைப் பக்கம். அதை ஆட்சேபித்து நான் எழுதிய கடிதத்தில் ஆட்சேபத்தை வெட்டிவிட்டு, முதல் வரியில் இருந்த பாராட்டை மட்டும் போட்டீர்கள். படம் என்றால் எப்போதும் மெஷினும் டாக்டரும்தான். ராத்திரி முழுக்க ஐசியூவில் என் பக்கத்தில் நின்று, வலிக்கிறது என்றாலும் விடாமல் மூச்சுப் பயிற்சி செய்ய வைத்த நர்ஸை உங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

என் பயமெல்லாம் இப்போது நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கிறவர்களைப் பற்றித்தான். எனக்குத் தெரிந்த ஒருவர், உங்கள் கட்டுரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ரோபோ இருக்கிற இடமாகப் பார்த்துச் செய்துகொள்கிறேன் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருக்கிறார். மூலக் குழாயில் அடைப்பு உள்ளவர் அப்படித் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், "இது எல்லாருக்கும் பொருந்தாது, உங்கள் டாக்டர் சொன்ன தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்" என்று ஒரு கட்டம் போடுங்கள். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தில் என் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், அந்த வரியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகன்