பெட்டியை மாற்றுமுன் வயரைப் பார்

செந்தூல்,
கோலாலம்பூர்

அன்பு நண்பா,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். முட்டி வலி குறைந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. ஆனால் அந்த முட்டியோடு டிஷ்ஷைப் பார்க்க ஏணி வைத்துக் கூரை ஏறினேன் என்று பெருமையாக வேறு சொல்கிறாயே! தங்கச்சி உன்னைத் திட்டியது போதாது. ஈரக் கூரையில் கால் வைக்கிற வயதா இது?

இங்கே எல்லாரும் நலம். பேரன் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்துவிட்டான். நான் வயர்மேன் வேலையை விட்டு ஓய்வெடுத்தாலும் அக்கம்பக்கத்தார் விடுவதாக இல்லை. மின்விசிறி சுற்றவில்லை, சுவிட்ச் சூடாகிறது என்று யாராவது வாசலில் வந்து நிற்கிறார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது, என்ன செய்வது.

சரி, உன் டிவி விஷயம். படம் கட்டம் கட்டமாக உடைகிறது, அப்புறம் நின்றே போகிறது. கடைக்காரர் டிவியோடு இணைத்திருக்கிற டிகோடர் பெட்டியை மாற்றச் சொல்கிறார் என்றாய். காசை எண்ணிக் கொடுத்துவிடாதே. பெரும்பாலும் பெட்டியில் கோளாறு இருக்காது, டிஷ்ஷிலும் இருக்காது. டிஷ்ஷிலிருந்து உள்ளே வருகிற வயரிலும், அதன் இரண்டு முனையிலும்தான் இருக்கும். இத்தனை வருடம் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவன் சொல்கிறேன்.

மழை கொட்டும்போது படம் போவது வேறு, மழை விட்ட பிறகும் வராமல் இருப்பது வேறு. டிஷ்ஷுக்கு வருகிற அலை ஏறக்குறைய 12 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். நம் ஊரிலிருந்து பார்த்தால் 91.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிற மீசாட் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கிறது, 78 பாகை உயரத்தில். அதனால்தான் இங்கே டிஷ்களெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி இருக்கின்றன. மேகம் நேராக நம் தலைமேல் வந்து கொட்டும்போதுதான் படம் போகும், அது நகர்ந்ததும் திரும்பிவிடும். இதை யாராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. எந்தப் பெட்டி வாங்கினாலும் இதே கதைதான்.

ஆனால் உன் வீட்டில் ராத்திரி மழை விட்டும், மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் படம் வருகிறது என்றாயே, அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. எங்கோ ஈரம் புகுந்திருக்கிறது. வெயிலில் காய்ந்ததும் சரியாகிறது. வெளியே இருக்கிற திருகு முனையைச் சுற்றி ரப்பர் உறையோ டேப்போ இல்லையென்றால், தண்ணீர் வயருக்குள் இறங்கி உள்ளே இருக்கிற பின்னல் கம்பியைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். சில நேரம் எறும்பும் கூடு கட்டும். தகரக் கூரையை ஒட்டி வயரை இழுத்திருந்தால் வெயிலில் மேல்தோல் வெடித்துவிடும், அந்த வெடிப்பிலும் நீர் போகும்.

சில சேனல்கள் மட்டும் போகின்றனவா, எல்லாமே போகின்றனவா? அதை நீ சொல்லவில்லை. அது முக்கியம். டிஷ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற, அலையைப் பிடித்து வயருக்குள் அனுப்புகிற எல்என்பிக்கு மின்சாரம் தனியாகப் போவதில்லை; டிகோடர்தான் அதே வயர் வழியாக அனுப்புகிறது. 13 வோல்ட் என்றால் ஒரு வகை அலை, 18 வோல்ட் என்றால் இன்னொரு வகை. முனை துருப்பிடித்தால் 18 அனுப்பினாலும் மேலே போய்ச் சேருவது குறைந்துவிடும். அப்போது பாதி சேனல் நன்றாக வரும், பாதி வராது. அப்படி இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயரைத்தான். மகன் அறைக்கும் வரவேண்டுமென்று நடுவில் வயரை இரண்டாகப் பிரிக்கிற ஒரு ஸ்பிளிட்டர் போட்டாயே, முதலில் அதைக் கழற்றி நேராகக் கொடுத்துப் பார். மின்சாரத்தைக் கடத்தாத மலிவு ஸ்பிளிட்டராக இருந்தாலும் இதே தொல்லை வரும்.

டிகோடரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் வலிமை, சிக்னல் தரம் என்று இரண்டு பட்டை தெரியும். வலிமையைப் பார்த்து ஏமாந்துவிடாதே. டிஷ் வேறு பக்கம் திரும்பியிருந்தாலும் எல்என்பியின் சொந்த இரைச்சலே அந்தப் பட்டையைத் தூக்கிக் காட்டும். தரம்தான் உண்மையைச் சொல்லும். வலிமை இருந்தும் தரம் இல்லையென்றால் டிஷ் அசைந்திருக்கலாம், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகப் போட்ட தாழ்வாரக் கூரை மறைத்திருக்கலாம். இரண்டுமே பூஜ்யமென்றால் வயர் அறுந்திருக்கிறது, இல்லை எல்என்பி செத்துவிட்டது.

நமக்கு இது புரியாமல் போவதற்குக் காரணம் பழைய பழக்கம். அந்தக் காலத்தில் சிக்னல் குறையக் குறைய திரையில் எறும்பு ஓடும், ஏரியலைத் திருப்பிக்கொண்டே பார்ப்போம். டிஜிட்டலில் அந்த முன்னெச்சரிக்கை கிடையாது. குறை வளர்ந்துகொண்டே இருக்கும், படம் மட்டும் பளிச்சென்று இருக்கும். எல்லையைத் தாண்டிய நாளில் சட்டென்று போய்விடும். மக்கள் உடனே பெட்டியைத்தான் சந்தேகப்படுவார்கள். கடைக்காரருக்கும் அது வசதி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாள் மதியம் இரண்டு மணி வாக்கில் கொஞ்ச நேரம் படம் தானாகவே போகும். சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிற நேரம் அது. வெயில் கொளுத்தும்போது படம் போகிறதே என்று தங்கச்சி ஆளைக் கூப்பிட்டுவிடப் போகிறாள்.

மாதக் கட்டணத்தை நிறுத்திவிட்டு ஏரியலில் வருகிற இலவச மைஃப்ரீவியூ ஒளிபரப்புக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். டிவி2 தமிழ்ச் செய்தி போதுமென்றால் தாராளமாக மாறு. உன் ஆங்கிலப் பந்தாட்டத்தை எதிர்பார்க்காதே. 2019 அக்டோபரோடு பழைய அனலாக் ஒளிபரப்பு நாடு முழுவதும் நின்றுவிட்டதால், டிவி பழையதென்றால் தனியாக ஒரு டிஜிட்டல் பெட்டி வேண்டும். பட்டர்வொர்த்தில் இருக்கிற உனக்குக் குனோங் ஜெராய் மலை வடக்கே தெளிவாகத் தெரியும்; 1,217 மீட்டர் உயரம், உச்சியிலேயே கோபுரம். யுஎச்எஃப் ஆண்டெனாவை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். சிக்னலைப் பெருக்குகிற பூஸ்டர் வாங்கு என்பார்கள், வாங்காதே. இப்போது 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 5ஜி ஓடுகிறது. பழைய பூஸ்டர் அதையும் சேர்த்துப் பெருக்கித் தன்னையே திணறடித்துக்கொள்ளும்.

ஐந்து மணிக்கு இடி இடிக்கிற பருவமாக இருக்கிறது. டிகோடரின் பிளக்கையும் டிஷ் வயரையும் சேர்த்தே கழற்றி வை. பிளக்கை மட்டும் பிடுங்கினால் மின்னல் வயர் வழியாக உள்ளே வரும்.

பள்ளி விடுமுறையில் பேரனையும் கூட்டிக்கொண்டு இடிஎஸ் ரயிலில் வருகிறேன். முனை அழுத்துகிற கருவி என்னிடம் இருக்கிறது, புது ஆர்ஜி6 வயரும் கொண்டுவருகிறேன். எத்தனை மீட்டர் வேண்டும் என்று மட்டும் கீழே நின்றபடி அளந்து சொல். கூரைக்கு மகன் ஏறட்டும். அதுவரை கடைக்காரரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்