கூட்ட அரங்கின் ஒலிச் சீரமைப்பு: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

அரங்கின் ஒலிச் சீரமைப்பு வேலை முடிந்துவிட்டது. பின்வரிசையில் பேச்சு புரியவில்லை, பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள் என்பதே பொதுக்குழுவில் வந்த கோரிக்கை. ஆம்ப்ளிஃபயர் வாங்கவில்லை. சத்தம் குறைவாக இல்லை, முழக்கம்தான் அதிகம்: ஒலி சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பி நீடிப்பதுதான் முழக்கம். ஒலியைக் கூட்டினால் முழக்கமும் அதே அளவு கூடும்.

அரங்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரம். கொள்ளளவு சுமார் 346 கன மீட்டர். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, பூசிய சுவர் என எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. ஆளில்லாத அரங்கில் ஆறு இடங்களில் பலூன் வெடித்துப் பதிவுசெய்ததில், ஒலி 60 டெசிபல் தணிய 2.8 நொடி ஆனது. பேச்சுக்கான இந்த அளவு அறைக்கு 0.6 முதல் 0.8 நொடி போதும்.

2.8 நொடி என்றால் என்ன ஆகிறது? ‘பத்து’ என்று சொல்லிப் பாருங்கள். அகரத்துக்கும் ‘து’வுக்கும் நடுவே நாக்கு அடைத்துக்கொண்டு ஒரு நொடித்துணுக்கு மௌனம் வரும். பத்து, பட்டு, பற்று என்று காது பிரித்தறிவது அந்த மௌனத்தின் இரு ஓரங்களில்தான். பழைய அரங்கில் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அகரம் சுமார் 2 டெசிபல்தான் தணிந்தது என்பது கணக்கில் தெரியும், மௌனம் நிரம்பிப்போய்விடும். உயிர் முழங்கும், மெய் காணாமல் போகும். மூன்றும் ஒரே சொல்லாகக் கேட்டது இதனால்தான்.

எவ்வளவு உறிஞ்சுபரப்பு (ஒலியை முழுதாக உறிஞ்சும் பரப்புக்குச் சமமான அளவு) வேண்டும் என்பதற்கு அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைனின் சூத்திரத்தையே பின்பற்றினோம். 1895இல் ஹார்வர்டின் விரிவுரை அறை ஒன்றில் இதே புகார் எழுந்தபோது, இன்னோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி அளந்தவர் அவர். கொள்ளளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுபரப்பால் வகுத்தால் முழக்க நேரம், அதாவது ஒலி 60 டெசிபல் தணியும் நேரம். அரங்கில் இருந்தது 20 சதுர மீட்டர், 0.8 நொடிக்குத் தேவை 70. குறைந்த 50ஐ ஈடுகட்ட 1.2க்கு 0.6 மீட்டர் அளவில் 80 பலகைகள் செய்தோம்.

பலகையின் அமைப்பு: 50 மி.மீ. ஆழ மரச்சட்டம், உள்ளே கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள 50 மி.மீ. ராக்வூல் (பாறையிழைப் பஞ்சு). சட்டத்தின் உள்ளளவை 5 மி.மீ. குறைத்து வைத்தால் பஞ்சு தானே இறுகி நிற்கும். ஆணியோ பசையோ வேண்டாம். நார் உதிராமல் மெல்லிய கண்ணாடியிழைத் தாள், அதன்மேல் தீத்தடுப்புத் துணி. பின்பக்கத்தை மூடவில்லை. முதலில் வந்த 12 பலகைகளின் துணிக்குப் பின்னால் ரப்பர் பூச்சு இருந்தது. வாயை ஒட்டி ஊதிப் பார்த்தால் காற்று மறுபுறம் வரவேண்டும், வரவில்லை. காற்று புகாத இடத்தில் உயர் அதிர்வெண்ணும் புகாது. 12க்கும் துணியைப் பிரித்து மாற்றினோம். ஒட்டும் 25 மி.மீ. ஃபோமும் முட்டை அட்டையும் யோசனையாக வந்தன. ஃபோம் மேல்சுரத்தை மட்டும் தின்று அடிமுழக்கத்தை விட்டுவிடும். தீயும் எளிதில் பிடிக்கும். முட்டை அட்டை பற்றி எழுத ஒன்றுமில்லை.

கூரையில் 60 பலகைகளை, கூரைக்கும் பலகைக்கும் 100 மி.மீ. இடைவெளி விட்டுத் தொங்கவிட்டோம். அந்த இடைவெளிதான் தாழ்ந்த அதிர்வெண்ணையும் பிடிக்கிறது. பேசுபவருக்கு நேர் மேலே உள்ள கூரையையும் அவர் பின்னாலுள்ள சுவரையும் வெறுமையாகவே விட்டிருக்கிறோம். அங்கிருந்து 50 மில்லிநொடிக்குள் திரும்பும் ஒலி பேச்சுக்குத் துணை. அதை உறிஞ்சுவது வீண்.

கூரை வேலை முடிந்ததும் அளந்தபோது கணக்குப்படி 1 நொடியை ஒட்டி வந்திருக்கவேண்டும். வந்தது 1.4. சபைன் சூத்திரம் ஒலி எல்லாத் திசையிலும் சமமாகச் சுழல்வதாக எடுத்துக்கொள்கிறது. உறிஞ்சுவதெல்லாம் கூரையிலேயே இருந்தால், சுவருக்குச் சுவர் கிடைமட்டமாக ஓடும் ஒலி பலகையைத் தொடுவதே இல்லை. நடுவில் நின்று கைதட்டினால் ‘டர்ர்’ரென்று ஓர் அதிர்வு தெளிவாகக் கேட்டது. மீதி 20 பலகைகள் அதற்கே: நெடுஞ்சுவர் ஒன்றில் 12, பின்சுவரில் 8; தரையிலிருந்து 1 மீட்டர் முதல் 2.2 மீட்டர் வரை. அதாவது காதும் வாயும் இருக்கும் உயரம். எதிரெதிர்ச் சுவர் இரண்டில் ஒன்றை மூடினால் டர்ரொலி நின்றுவிடும். பின்சுவர்ப் பலகைகளுக்கு வேறு வேலையும் உண்டு: முன்வரிசைக்கு 20 மீட்டர் கூடுதலாகச் சுற்றிவரும் ஒலி 58 மில்லிநொடி பிந்திச் சேர்ந்து பேச்சைக் குழப்பிக்கொண்டிருந்தது.

இறுதி அளவு: 500, 1000 ஹெர்ட்ஸில் 0.8 நொடி. 125 ஹெர்ட்ஸில் 2.3இலிருந்து 1.3க்கு இறங்கியது, இதில் நிறைவில்லை. மூலைகளில் 200 மி.மீ. தடிமன் பஞ்சு வைத்தால்தான் இன்னும் குறையும்.

இரைச்சலையும் கவனித்தோம். ஏசி ஓடும்போது 48 டெசிபல் இருந்தது. ஏசியைத் தாங்கும் இரும்பின் அடியில் ரப்பர் திண்டு, சுவரைத் தொட்ட செம்புக் குழாய்க்கு நுரை உறை, ஆட்டமுள்ள இரு மின்விசிறிகளுக்கு இறக்கைச் சமன், கதவடியிலிருந்த 12 மி.மீ. சந்துக்கு ரப்பர்ப் பட்டை, நாற்காலிக் கால்களுக்கு மூடி. இப்போது 37. பழைய ஒலிபெருக்கிகளே போதுமானதாக இருக்கின்றன. சுவரைப் பார்த்து நின்றவற்றை இருக்கைகளை நோக்கிச் சாய்த்தோம்.

பக்கத்து அறைச் சத்தம் குறையவில்லையே என்று சிலர் கேட்டனர். குறையாது. இந்தப் பலகைகள் அறைக்குள்ளிருக்கும் ஒலியை உறிஞ்சும். சுவரைக் கடந்து வருவதைத் தடுக்க எடையும் இடைவெளி அடைப்பும் வேண்டும். அது தனி வேலை, இந்தத் திட்டத்தில் இல்லை.

பராமரிப்பு: பலகைக்குப் பெயின்ட் அடிக்கக்கூடாது, துளைகள் அடைபடும். ஃப்ளெக்ஸ் பேனரை அதன்மேல் கட்டினாலும் அதே கதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மென்தூரிகை வைத்து வேக்குவம் கிளீனரால் துடைத்தால் போதும், ஈரத்துணி கூடாது. மிஞ்சிய துணியும் இரண்டு ராக்வூல் தகடுகளும் பொருளறையில் உள்ளன. மூலைப் பஞ்சு வேலைக்கான ஒப்புதலை அடுத்த பொதுக்குழுவில் கேட்போம். வரவுசெலவுக் கணக்கு தனி இணைப்பாக வைக்கப்படுகிறது.

திருப்பணிக் குழு