கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாதா?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

குற்றம் செய்யப்போகிறவரை முன்கூட்டியே சொல்லும் மென்பொருளைப் புகழ்ந்து எழுதியிருந்தாய். கான்ஸ்டபிளுக்குச் சாதி தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஆகவே அது நியாயமாக நடக்கும் என்பது உன் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிகாகோவில் என்ன நடந்தது என்று பார்.

அந்நகரப் போலீஸ் 2013 வாக்கில் ஒரு பட்டியல் போட்டது. துப்பாக்கிச் சூட்டில் யார் யார் சிக்கக்கூடும் என்று கணித்து, ஆளுக்கு 500 வரை ஆபத்து மதிப்பெண். தோலின் நிறத்தை அது கேட்கவேயில்லை. எத்தனை முறை கைதானார், கடைசியாகக் கைதானபோது என்ன வயது என்று இப்படித்தான் கேட்டது. வழக்கு நிற்காமல் போயிருந்தாலும் கைது கணக்கில் ஏறும். குண்டடி பட்டவருக்கும் மதிப்பெண் கூடும், இது என்ன நீதியோ! ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு 2016இல் வந்தது. பட்டியலால் கொலைகள் குறைந்ததற்குச் சான்றில்லை. அதில் இருந்தவர்கள் துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் கைதாவதுதான் கூடியிருந்தது. 2019 இறுதியில் கைவிட்டார்கள்.

போலீஸ் அதிகம் நிற்கும் தெருவில்தான் கைதும் அதிகம். அந்தக் கைதுகளைப் படித்த கணிப்பு மறுபடியும் அதே தெருவுக்குத்தான் ஜீப்பை அனுப்பும். அமெரிக்காவின் ஓக்லாந்து நகரின் போதைப்பொருள் வழக்குகளைக் கொடுத்து இரண்டு ஆய்வாளர்கள் இப்படியொரு மென்பொருளைச் சோதித்தார்கள். போதைப் பழக்கம் நகரெங்கும் பரவியிருந்தும், அது பெரும்பாலும் கறுப்பின மக்களும் ஏழைகளும் வாழும் பகுதிகளையே சுட்டியது.

இதை உனக்குப் போய் நான் விளக்குகிறேன் பார்! உன் தாத்தா இரவில் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுத்ததையும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்கியதையும் எனக்குச் சொன்னவனே நீதானே? சில சாதிகளையே குற்றவாளிகளாக அறிவித்த வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குப் பிறப்பே போதுமான துப்பு. அதை எதிர்த்து நின்றவர்களில் 16 பேர் 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் போலீசாரால் சுடப்பட்டு இறந்தார்கள். அன்றைய பதிவேட்டில் சாதி வெளிப்படையாக இருந்தது, எதிர்க்க ஒரு பிடி கிடைத்தது. மதிப்பெண்ணுக்குள் ஒளிந்திருப்பதை எப்படிக் காட்டுவது?

இதற்காகத் தெருவில் கண்காணிப்புக் கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சங்கிலி பறித்தவனைப் பதிவில் தேடுவது நடந்த குற்றத்துக்காக. ஒன்றும் செய்யாதவர்களின் முகங்களையெல்லாம் சேர்த்துவைத்து எண் போடுவது அப்படியல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

உன் மாப்பிள்ளை இந்தத் துறையில்தானே இருக்கிறார்? ஒருவருடைய மதிப்பெண் தவறென்றால் அது அவருக்கு எப்படித் தெரியவரும், திருத்தச் சொல்லி எங்கே மனுக் கொடுப்பது என்று அவரிடம் கேட்டு எழுது. கோபம் வந்தால் போனில் திட்டு; ஞாயிறு முழுவதும் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
முத்து