மூடியது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மென்பொருள் பிழைகள் குறித்த தங்கள் கட்டுரை, பிழையைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிட்டது. பதினோரு ஆண்டுகளாகச் சோதனையாளராக இருக்கும் எனக்குத் தலைவலி தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

1947-ல் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் (மின்சுவிட்சில்) சிக்கிக் கோளாறு உண்டாக்கிய விட்டில்பூச்சியைப் பதிவேட்டிலேயே ஒட்டிவைத்தார்கள். ஆதாரம் என்றால் அது! எனக்கு வரும் பிழை அறிக்கைகளோ "திரை வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரிகள். எந்தப் பதிப்பு, எந்தப் பொத்தான், எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன? ஒன்றும் இருக்காது. நிரலாளரும் "என் கணினியில் வரவில்லை" என்று அறிக்கையை மூடிவிடுவார்.

பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களை ஏற்க மறுத்த படிவம் ஒன்றைப் பற்றி மூன்று முறை பிழை பதிவு செய்தேன். மூன்று முறையும் மூடினார்கள். தேதியைத் தட்டச்சு செய்தால் ஏற்கிறது, நாட்காட்டியில் தொட்டால் மறுக்கிறது என்று நான்காம் முறை படிப்படியாக எழுதினேன். அன்று மாலையே திருத்தம் வந்துவிட்டது.

"தீர்க்கப்பட்டது" என்று நிரலாளர் குறிக்கட்டும். மறுசோதனைக்குப் பின் "மூடப்பட்டது" என்று குறிப்பது சோதனையாளரின் வேலை. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவதில்லை அல்லவா? அந்தப் படிவப் பிழை அடுத்த பதிப்பில் திரும்பி வந்தது. பழைய பிழை எண்ணிலேயே மீண்டும் திறந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் சோதனையாளர்