காட்டுக்குப் புறப்படும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாச்சிக்கு இப்போது பரவாயில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறார்கள். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி உன் பயணத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். "வயசுப் பிள்ளையைக் கரடி இருக்குற காட்டுக்கு அனுப்புறியே" என்று எனக்குத் தனியாகத் திட்டும் விழுகிறது. கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் மலைக்காட்டில் சேவை செய்ய நீ கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியலை அப்பா அனுப்பியிருந்தார். அங்கே வீட்டில் இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக் கொடுத்திருப்பேன். கும்பகோணத்தில் இருந்துகொண்டு எழுதத்தான் முடியும். தமிழில் எழுதினால் நீ மெதுவாகத்தான் படிப்பாய், அதுவும் நல்லதுதான்.

முதலில் பூட்ஸ். அது இன்னும் பெட்டியிலேயே இருப்பதாகக் கேள்வி. இன்றைக்கே எடுத்து மாட்டு. கடைக்கு, நூலகத்துக்கு, எங்கே போனாலும் அதோடு போ. முதுகுப்பைக்குள் ஒரு அரிசி மூட்டையை வைத்து மாடிப்படி ஏறி இறங்கிப் பழகு. பையின் எடை உன் எடையில் கால் பங்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அங்கே போனதும் கூடாரத்தில் பாதி, சமையல் அடுப்பு, பொதுச் சாப்பாடு என்று ஆளுக்குக் கொஞ்சம் தருவார்கள். அதற்கும் இடம் விட்டுக் கட்டு. பருத்தி பனியன், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது, மலைக்குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளிக் காலுறைதான் சரி.

நடக்கும்போது குதிகாலில் ஓரிடம் சூடாக உரசுவது தெரிந்தால் அப்போதே நின்று, காலுறையைக் கழற்றி, டேப் ஒட்டிக்கொள். கொப்புளம் வந்தபிறகு ஒட்டுவதெல்லாம் வெறும் சமாதானம். உன் ஒருத்திக்காகப் பத்துப் பேர் நிற்க வேண்டுமே என்று கூச்சப்படுவாய். உன் குணம் எனக்குத் தெரியாதா? பல்வலியையே முகம் வீங்கும்வரை மறைத்தவள். நிற்கட்டும். மாலையில் உன் பையை அவர்கள் பங்கு போட்டுச் சுமப்பதைவிட, காலையில் ஐந்து நிமிடம் நிற்பது அவர்களுக்கும் மேல்.

தலைவலியும் அப்படித்தான். நீங்கள் நடக்கத் தொடங்கும் டுவாலமி மெடோஸ் புல்வெளி சுமார் 8,600 அடி உயரம். நம் தொட்டபெட்டா உச்சியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே போய் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவோம். நீங்கள் அந்த உயரத்தில் தொடங்கி மேலே ஏறப்போகிறீர்கள். முதல் நாள் தலை கனப்பதும் சாப்பாடு பிடிக்காமல் போவதும் சகஜம். தண்ணீர் குடி, மெதுவாக நட, குழுத்தலைவியிடம் சொல். குமட்டலும் சேர்ந்து அதிகமானால் கீழே இறங்குவதுதான் வைத்தியம். ஓடை நீர் கண்ணாடிபோலத் தெரியும், ஆனாலும் வடிகட்டாமல் ஒரு வாய்கூட வேண்டாம். ஜியார்டியா கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஊருக்கு வந்தபிறகுதான் வயிற்றில் வேலையைக் காட்டும். கோடையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மேகம் திரளும்போது உச்சியிலோ மொட்டைப் பாறையிலோ நிற்காதே.

கரடிக்கு வருவோம், இல்லாவிட்டால் அம்மாச்சி விடமாட்டார்கள். கலிஃபோர்னியாக் கொடியில் இருக்கிற பெரிய கிரிஸ்லி அந்த மாநிலத்தில் அழிந்து ஏறக்குறைய நூறு வருடமாகிறது. இப்போது இருப்பது கருங்கரடி மட்டும்தான். அதற்கு வேண்டியது உங்கள் சாப்பாடு. அதனால்தான் கரடியால் திறக்க முடியாத அந்தக் கெட்டி உருளை டப்பா. சாப்பாடு மட்டும் என்று நினைக்காதே; பற்பசை, சன்ஸ்கிரீன், லிப் பாம், வாசனை உள்ள எதுவானாலும் ராத்திரி அதற்குள்தான். ரகசியமாகப் பையில் போட்டுக்கொள்ளப் போகிறாயே பருப்புப் பொடி, அதுவும்.

பீரியட்ஸ் விஷயம் அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை, யார் எழுதினார்களோ. தேதி இல்லாவிட்டாலும் எடுத்துப் போ, அலைச்சலில் முன்னே பின்னே ஆகும். உபயோகித்ததைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. உள்ளே தெரியாத ஜிப் கவரில் போட்டுக் கூடவே கொண்டுவர வேண்டும். ராத்திரி அதுவும் டப்பாவுக்குள். அந்த வாசனைக்குக் கரடி வரும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. மற்ற வாசனைகளைவிட அது கரடியை அதிகமாக இழுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று தேசியப் பூங்காத் துறையே சொல்கிறது. கழிப்பறைக்குக் குழி தோண்டுவது ஆறு முதல் எட்டு அங்குல ஆழம். தண்ணீர், பாதை, கூடாரம் எல்லாவற்றிலிருந்தும் 200 அடி தள்ளி. ஏறக்குறைய எழுபது எட்டு வைத்துப் போ. முதல் நாள் சங்கடமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

நீங்கள் செய்யப்போகும் சேவையைப் பற்றி அந்தத் தாளில் 'பாதைப் பராமரிப்பு' என்று மட்டும் போட்டிருக்கிறது. மலைப்பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பனி உருகி இறங்கும்போது, மனிதர் மிதித்துப் பள்ளமாக்கிய பாதைதான் அதற்கு வசதியான வாய்க்கால். மண் அரித்துக் கல் துருத்தும். கால் இடறுகிறதே என்று வருகிறவர்கள் ஓரத்துப் புல்லில் இறங்குவார்கள். போகப் போக அங்கே இரண்டாவது பாதை விழும், பிறகு மூன்றாவது. டுவாலமி புல்வெளியில் நாம் போனபோது "ஏன் இத்தனை பாதை?" என்று கேட்டாயே, இதனால்தான்.

இதைத் தடுக்கப் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்லோ கட்டையோ பதித்திருப்பார்கள். ஓடிவரும் தண்ணீர் அதில் முட்டி ஓரமாக இறங்கிவிடும். மேல்பக்கம் வண்டல் சேர்ந்து மேடாகிவிட்டால் தண்ணீர் அதன் தலைமேல் ஏறிப் போய்விடும். உங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கப்போவது அந்த வண்டலை வெட்டி அள்ளும் வேலை. ஒன்றை முடித்துக் கொஞ்ச தூரம் நடந்தால் அடுத்தது நிற்கும். இங்கே ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் வாய்க்கால் தூர்வார அவசரப்படுகிறார்களே, அதே சங்கதி. தூர்வாரிய வாய்க்காலை யாரும் நின்று பாராட்டுவதில்லை. உங்கள் வேலையும் ஒழுங்காக நடந்தால் மேலே நடந்து போகிறவருக்குத் தெரியவே தெரியாது.

1964 வனச் சட்டப்படி அந்தக் காட்டுக்குள் மோட்டார் கருவி கூடாது. விழுந்த மரத்தை இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தால்தான் அறுப்பார்கள். உன் கைக்கு வந்தால், உன் பக்கம் இழுக்க மட்டும் செய். தள்ளினால் ரம்பம் வளையும். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்வெட்டி என்று ஒரு கருவி தருவார்கள், பெயர் புலாஸ்கி. 1910 காட்டுத்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்ப் பெரும்பாலானோரைக் காப்பாற்றிய வனக் காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அது. எடுத்துப் போகும்போது தோளில் சாய்க்காதே; பள்ளத்துப் பக்கக் கையில் தொங்கவிட்டுப் பிடி. ஓங்குமுன் எட்டும் தூரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்.

நீங்கள் ஏறிப்போகும் டயோகா சாலையை 1882, 83-ல் போட்டவர்களில் சீனத் தொழிலாளர்கள் நிறையப் பேர். யோசெமிட்டியில் சிங் என்று ஒரு சிகரம் உண்டு. நம்மூர் சிங் இல்லை. நில அளவைத் துறையின் சமையல்காரர் டை சிங். 1915-ல் ஸ்டீபன் மேத்தர் என்ற அதிகாரி தேசியப் பூங்காத் துறை தொடங்க ஆதரவு திரட்டப் பெரிய மனிதர்களை மலைக்குக் கூட்டிப்போனபோது வயிறு வாடாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். மறு வருடமே துறை வந்துவிட்டது. சமைக்கும் முறை உனக்கு வரும்போது முணுமுணுக்காமல் செய்.

இந்தச் சேவையைக் கல்லூரி விண்ணப்பத்தில் போடலாம் என்று அப்பா சொன்னாராம். போட்டுக்கொள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையில் மண்வெட்டியோடு நிற்கும்போது கட்டுரைக்கு வரி தேடாதே. காட்டுக்கு உபகாரம் செய்யப்போகிறோம் என்ற நினைப்பும் வேண்டாம். அந்த வேலையைத் தொழிலாகச் செய்கிறவர்கள் உங்களைவிட வேகமாக முடிப்பார்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் அவர்கள் பொழுது போகும். அதை மனதில் வைத்து, சொன்னதை ஒருமுறை காது கொடுத்துக் கேள்.

அங்கே சிக்னல் கிடையாது. நான் கவலைப்படுவேன் என்று மலை முகட்டில் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதே. குழுத்தலைவியிடம் செயற்கைக்கோள் கருவி இருக்கிறது; செய்தி வராவிட்டால் நீ நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மருத்துவப் படிவத்தில் டெட்டனஸ் ஊசி போட்ட தேதி கேட்டிருக்கிறார்கள். என் அலமாரியில் நீல ஃபைலில் இருக்கிறது, இரண்டாவது தட்டு. அப்பாவைத் தேடச் சொல்லாதே, நீயே எடு.

அன்புடன்,
அம்மா