பிள்ளையை வளைப்பது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் சென்ற ஞாயிறன்று வெளிவந்த வாசகர் கடிதம் ஒன்றில், தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டில் கால் வைக்கும் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப் படிக்கத் தெரிந்தே வர வேண்டும் என்றும், நான்கு வயதிலேயே எழுத்துப் பயிற்சியைத் தொடங்காத பாலர் பள்ளிகளைப் பெற்றோர் ஒதுக்கிவிட வேண்டும் என்றும் ஓர் அன்பர் எழுதியிருந்தார். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியையும் துணைக்கு அழைத்திருந்தார். பழமொழியோடு எனக்கு வழக்கில்லை. ஆனால், கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தில் 26 ஆண்டுகள் பாலர் வகுப்புகளில் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், ஐந்து வயதுக்குள் பிள்ளையை வளைப்பது எது என்பதில் அவரிடமிருந்து வெகுவாக மாறுபடுகிறேன்.

என் வகுப்பறை மூலையில் வீட்டு விளையாட்டுக்கென்று ஓர் இடம் வைத்திருந்தேன். பிளாஸ்டிக் அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு கை கழன்ற பொம்மை, கொஞ்சம் மரக்கட்டைகள். ஒரு நாள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வலக்கையால் சட்டியைக் கிண்டியபடியே இடக்கையில் ஒரு மரக்கட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்து, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனாக நடித்த பையன் "அம்மா, பசிக்குது" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தான். நான்காம் முறை அவள் தலை நிமிராமலே புறங்கையால் அவனை விலக்கி, "இருடா, அம்மா மெசேஜ் பாக்குறேன்ல" என்றாள். அந்தக் குரலும் இழுவையும் கை அசைவும் அச்சு அசலாக அவள் தாயாருடையவை. பிற்பகலில் பிள்ளையை அழைத்துப்போக அந்தத் தாய் வந்து நின்றபோது நான் சிரிப்பை அடக்கிக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன். அன்றிரவு என் பேரன் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நானும் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சிறுமிக்கு இதை யாரும் பாடமாக நடத்தவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துப் பாலர் பள்ளியில் படித்த 72 பிள்ளைகளைக் கொண்டு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடித்து உதைப்பதைப் பார்த்த பிள்ளைகள், பின்னர் அந்தப் பெரியவர் இல்லாதபோது அதே போன்ற பொம்மையோடு விளையாட விடப்பட்டதும், அதே அடியையும் அதே வசைச் சொற்களையும் திருப்பிச் செய்து காட்டினார்கள்.

செயலைப் பார்த்துக் கற்கும் பிள்ளை, மொழியைத் திரையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதா என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதற்குச் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவான விடையைத் தருகிறது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குச் சீன மொழி பேசும் பெரியவர்கள் எதிரே அமர்ந்து, பொம்மைகளைக் காட்டி, புத்தகம் வாசித்து, 12 அமர்வுகள் விளையாட்டுக் காட்டினார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, அதே பொம்மைகள், ஆனால் தொலைக்காட்சித் திரை வழியாக மட்டும் என்று இன்னொரு பிரிவினருக்குக் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளின் நுட்பமான வேறுபாட்டைத் தைவானில் பிறந்து வளர்ந்த குழந்தைகளைப் போலவே பிரித்தறிந்தார்கள். திரையில் பார்த்தவர்களோ, சீனமே கேட்டிராத குழந்தைகளின் நிலையிலேயே நின்றுவிட்டார்கள். திரையிலிருக்கும் ஆள் குழந்தையின் கண் போகும் திசையைப் பார்ப்பதில்லை. குழந்தை 'ஊ' என்றால் பதிலுக்கு 'ஊ' என்பதுமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியில், இரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் கூறியிருப்பதையும் இத்துடன் சேர்த்துப் படிக்கலாம்.

இங்கே நம் சமூகத்துக்கே உரிய ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் சீக்கிரம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில், ஆங்கிலத்தில் சரளமில்லாத பெற்றோர்களும் வீட்டில் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுகிறார்கள். 'கம் ஹியர்', 'சிட் டவுன்', 'டோன்ட் டச்', 'ஈட் ஃபாஸ்ட்' என்று நாள் முழுவதும் கேட்கிறது. கட்டளையிடும் அளவுக்கு அவர்களுக்கு ஆங்கிலம் தெரிகிறது. மழை ஏன் பெய்கிறது, தாத்தாவுக்கு ஏன் பல் இல்லை, செத்துப்போன பூனை எங்கே போயிற்று என்றெல்லாம் பிள்ளை கேட்டால் விளக்கும் அளவுக்குத் தெரியவில்லை. ஆகவே கேள்விகள் பாதியிலேயே அமுங்கிப்போகின்றன. தமிழில் அதே தாய் அரை மணி நேரம் சுவையாகக் கதை சொல்லக்கூடியவராக இருப்பார்! வீட்டில் தமிழில் நிறையப் பேசிக் கேட்டு வந்த பிள்ளை, மலாயையும் ஆங்கிலத்தையும் பள்ளியில் விரைவாகப் பற்றிக்கொண்டதைத்தான் நான் ஆண்டுதோறும் பார்த்தேன். எந்த மொழியிலும் முழு வாக்கியம் கேட்காமல் வந்த பிள்ளைக்குத்தான் மூன்று மொழியும் மலையாகத் தெரிந்தது.

நான் கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. ஏழு வயது நிரம்பாத நாங்கள், தோட்டத்துக் குழந்தைகளை ஆயா ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையைச் சேர்ந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களின் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போகும் அம்மா, என்னையும் தம்பியையும் அங்கே விட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். அந்தக் கொட்டகையைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஆயாவுக்கு இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், ஒருவருக்குச் சளி பிடித்தால் அத்தனை பேருக்கும் பிடிக்கும். ஆனாலும் அந்த ஆயா சேலைத் தொட்டில்களை வரிசையாக ஆட்டிக்கொண்டே ஓயாமல் எங்களோடு பேசுவார். எங்கள் மழலைக்கு எதிர்வார்த்தை சொல்வார், கேள்விக்கு எதிர்க்கேள்வி போடுவார். எழுத்தறியாத அந்த அம்மையாரிடமிருந்து பெற்ற தமிழை வைத்துத்தான் நான் பின்னாளில் ஆசிரியை ஆனேன்.

எழுத்துப் பயிற்சிக்கு வருகிறேன். மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பே. அவை ஒவ்வொன்றாக இறுகி முடிய ஒன்பது, பத்து வயது தாண்டிவிடுகிறது. ஆகவே நான்கு, ஐந்து வயதில் விரல்களுக்கு வேண்டியது மாவு பிசைவதும், பட்டன் போடுவதும், மணலை அள்ளிக் கொட்டுவதும். என்னிடம் படித்த பையன் ஒருவன் ஐந்து வயதில் 'அ' எழுதத் திணறினான். ஆனால் அப்பம் விற்கும் தன் பாட்டியோடு காலையில் கடையில் உட்கார்ந்து பழகியவன், ஐந்து ரிங்கிட் தாளை நீட்டினால் மூன்று ரிங்கிட் அறுபது சென் போக மீதியை இருபது சென் நாணயங்களாகவே எண்ணி உள்ளங்கையில் வைப்பான். எழுத்து வரவில்லை என்பதற்காக அவனை வேறு பாலர் பள்ளிக்கு மாற்றலாமா என்று அவன் தந்தை என்னிடம் கேட்டார். பாட்டியை மாற்றாமலிருந்தால் போதும் என்று சொல்லியனுப்பினேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வை அன்பர் படித்துப் பார்க்கலாம். வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளில் 58 பேருக்கு மட்டும் அந்தப் பள்ளி கிடைத்தது. அவர்கள் அறிவுத்திறன் தேர்வுகளில் பெற்ற முன்னிலை சில ஆண்டுகளிலேயே கரைந்துவிட்டது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்களைவிட அவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், காவல்துறையிடம் குறைவாகவே பிடிபட்டிருந்தார்கள். அங்கே ஆசிரியர்கள் காலையில் வகுப்பு நடத்தியதோடு நிற்காமல், வாரம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்திருக்கிறார்கள். தாடிகா எனப்படும் நம் பாலர் பள்ளிகளில் எத்தனை இதற்கு நேரம் ஒதுக்கும்? மாதக் கட்டணத்தில் வாடகைக்கும் சம்பளத்துக்கும் போக மிஞ்சுவது என்னவென்று அறிந்தவள் என்பதால், அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை.

பதிவுக்காகப் படியேறும் பெற்றோர், சுவரிலுள்ள சான்றிதழ்களைப் பார்ப்பதற்கு முன், எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று கேளுங்கள். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தாஸ்கா எனும் குழந்தைகள் காப்பகத்தில் இது நம் நாட்டு விதிமுறையிலேயே உள்ளது: ஒரு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர், அதற்கு மேல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். பிறகு வகுப்பறை வாசலில் பத்து நிமிடம் நின்று, அங்கே ஆசிரியர் குரல் மட்டும் கேட்கிறதா, பிள்ளைகளின் குரலும் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பகுதி பெரும்பாலும் தேர்வுப் பயிற்சிகளாலேயே நிறைந்திருக்கிறது. அதில் ஒரு கால் பக்கத்தை, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வீட்டில் யாராவது வாய்விட்டு வாசித்துக் காட்டக்கூடிய ஒரு சின்னக் கதைக்கு ஒதுக்குவீர்களா? எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சிட்டால், தாத்தா பாட்டிகளும் மூக்குக் கண்ணாடியைத் தேடாமல் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாலர் பள்ளி ஆசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்.